முடியாது என்றால் முன்னாலேயே சொல்லிவிடலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் நேர்மையைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான், ஆனால் லஞ்சம் வாங்கக் கூடாது, அடுத்தவன் காசைத் தொடக் கூடாது என்கிற இடத்திலேயே அது நின்றுபோனது எனக்குக் குறையாகப் பட்டது. அடுத்தவன் காசைத் தொடாதவர்கள் நம்ம திருநெல்வேலிப் பக்கம் நிறையவே இருக்கிறார்கள். அவர்களிலேயே பலர் "நாளைக்குக் காலையில வந்துருதேன்" என்று சொல்லிவிட்டு வராதவர்கள். அதை யாரும் பொய்க்கணக்கில் சேர்ப்பதே இல்லை.

எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குப் பால்காய்ப்பு வைத்திருந்தார்கள். வாசல் கதவு செய்ய அட்வான்ஸ் வாங்கிய ஆசாரி, கடைசி வாரம் வரைக்கும் "முடிஞ்சுட்டு, பாலிஷ்தான் பாக்கி" என்றே சொல்லிக்கொண்டிருந்து, அப்புறம் போனையும் அணைத்து வைத்துவிட்டார். சொந்தக்காரர்கள் வந்த நேரத்தில் வாசலில் தார்ப்பாய் தொங்கியது. அவர் அட்வான்ஸைத் தின்று ஏப்பம் விடுகிற ஆள் கிடையாது, பிறகு வந்து கதவை மாட்டிக் கொடுத்துவிட்டுத்தான் போனார், வேலையும் சுத்தம். இரண்டு வாரம் முன்னாலேயே "அண்ணாச்சி, என்னால முடியல, வேற ஆளப் பாருங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த வீட்டுக்காரர் மேலப்பாளையத்திலோ பேட்டையிலோ இன்னொரு ஆளைப் பிடித்திருப்பார். முடியாமல் போவது யாருக்கும் நடப்பதுதான். அதை மூடி வைப்பதில்தான் அடுத்தவர் குடி கெடுகிறது.

நான் டவுனில் கருப்பட்டியும் பலசரக்கும் விற்கிற சின்னக் கடை வைத்திருக்கிறேன். உடன்குடிப் பக்கமிருந்து எனக்குச் சரக்குப் போடுகிற ஒரு பனையேறி அண்ணன், பருவத்தில் எதிர்பாராமல் மழை விழுந்தால் அன்றைக்கே போன் போட்டுவிடுவார். "பதநீ இறங்கல தம்பி, இந்த வாரம் பாதிதான் வரும்." சில நாள் பாதிகூட வராது என்பார். கேட்கும்போது கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் உடனே நானும் என் வாடிக்கைக்காரர்களுக்குச் சொல்லிவிடுவேன், கல்யாண வீட்டுக்குக் கேட்டவர்கள் வேறு கடையில் சொல்லி வைத்துக்கொள்வார்கள், யாருக்கும் யார்மேலும் கோபம் இல்லை. அந்த ஒரு போனில் எத்தனை வீட்டுக் காரியம் நிற்காமல் நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

கருப்பட்டி என்றதும் கலப்படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, நமக்கெல்லாம் பெருமை. கலயத்தில் சுண்ணாம்பு தடவி, விடியுமுன் மரம் ஏறி, இறக்கின பதநீரைப் பெரிய தாச்சியில் மணிக்கணக்காகக் காய்ச்சி, பதம் பார்த்துச் சிரட்டையில் ஊற்றி எடுப்பது சாதாரண வேலை இல்லை. விறகுக்கும் ஆள்கூலிக்குமே கையைக் கடிக்கிறது, ஏறுவதற்கும் ஆள் குறைந்துவிட்டது. சீனியோ அசல் கருப்பட்டியைவிடப் பல மடங்கு மலிவு. ஆகவே பாகில் சீனியைத் தட்டுகிறார்கள். உடைத்துப் பார்த்தால் உள்ளே மினுமினுவென்று தெரியும், வாயில் போட்டால் அந்த லேசான உப்புச்சுவை இருக்காது.

இதில் என் எண்ணம் கொஞ்சம் வேறு மாதிரி. சீனிக் கலப்புச் சரக்கை, "இது சீனி போட்டது, விலை குறைவு" என்று சொல்லி விற்கிறவரோடு எனக்குச் சண்டையே கிடையாது. காபிக்கு அது போதும் என்று நினைக்கிற வீடு அதை வாங்கிக்கொண்டு போகட்டும். அதே சரக்கின் அட்டையில் பனைமரம் படம் போட்டு, அசல் உடன்குடி என்று அச்சடித்து, பிள்ளை பெற்ற வீட்டுக்குக் காயம் என்கிற மருந்து லேகியம் கிண்டக் கொடுக்கிறார்களே, அதுதான் அநியாயம். அப்படி விற்கிறவர் ஒவ்வொரு நாளும் எந்தக் கடையில் என்ன சொன்னோம், யாருக்கு எதைக் கொடுத்தோம் என்று ஞாபகம் வைத்துக்கொண்டே அலைய வேண்டும். உள்ளதைச் சொல்லி விற்கிறவருக்கு அந்தப் பாரம் கிடையாது. நானும் இத்தனை வருஷமாக ராத்திரி கடையைப் பூட்டிவிட்டு நிம்மதியாகத்தான் போகிறேன்.

மனுஷர்களுக்கும் இதே கதைதான். கையில் இல்லாததை இருப்பதாகக் காட்டிக்கொள்வதில் எத்தனை குடும்பம் அழிந்திருக்கிறது! கந்துவட்டித் தடைச் சட்டம் 2003-லேயே வந்துவிட்டது. இன்னமும் நம் பக்கம் அந்த வட்டி போகவில்லை. ஆஸ்பத்திரிச் செலவு, விதைச் செலவு என்று வேறு வழியில்லாமல் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களை நான் ஒரு சொல் சொல்ல மாட்டேன். கொடுமை முழுக்க வட்டிக்காரன் பக்கம்தான். ஆனால் மகள் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டார் முன்னால் குறைவாகத் தெரியக் கூடாதே என்று வாங்கி, பெண்டாட்டிக்குத் தெரியாமல், அண்ணன் தம்பிக்குத் தெரியாமல் வட்டி கட்டி, வட்டிக்கு வட்டி ஏறி, ஆள் வாசலில் வந்து கத்துகிற அன்றைக்குத்தான் வீட்டுக்கே விஷயம் தெரிகிறது என்றால், நடுவில் அத்தனை மாதம் அந்த மனுஷன் எப்படித் தனியாகத் தவித்திருப்பார்? முதல் மாதமே "எனக்கு இவ்வளவு கடன் இருக்கு" என்று வீட்டில் வாய்விட்டுச் சொல்லியிருந்தால் நகையை விற்றோ மனையைக் கொடுத்தோ ஒரு வழி பண்ணியிருக்கலாமே என்று எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

இதற்கு உதாரணம் தேடி வெளியூர் போக வேண்டாம். ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சி. இருக்கிறார். 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதும், 1908-இல் இரட்டை ஆயுள் தண்டனை பெற்றதும், கோவைச் சிறையில் செக்கிழுத்ததும் எல்லோரும் மேடையில் பேசுவதுதான். அவர் வெளியே வந்த பிறகு வாழ்ந்த வாழ்க்கையைப் பற்றித்தான் அதிகம் பேசுவதில்லை. வக்கீல் தொழில் செய்ய அனுமதி இல்லை, வறுமை. பிறகு அந்த உரிமையை அவருக்குத் திரும்ப வாங்கிக் கொடுத்தவர் வாலஸ் என்கிற வெள்ளைக்கார நீதிபதி. அந்த நன்றிக்காகத் தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். வெள்ளையனை எதிர்த்துச் சொத்தையெல்லாம் இழந்தவர் இப்படிச் செய்தால் ஊர் என்ன பேசும் என்று அவர் பார்க்கவில்லை. 1920-இல் ஒத்துழையாமைத் திட்டத்தில் மனம் ஒப்பவில்லை என்றதும் காங்கிரஸை விட்டு வெளிப்படையாகவே விலகினார். 1936-இல் தூத்துக்குடியில் சாகும் தறுவாயில் எழுதிய உயிலில், எண்ணெய்க்கடை பாக்கி உட்படத் தான் கொடுக்க வேண்டியதையெல்லாம் குறித்து வைத்திருக்கிறார். கப்பல் விட்ட மனுஷன், எண்ணெய்க்கடைக்குக் கடன் இருக்கிறது என்று எழுதக் கூச்சப்படவில்லை.

நவம்பர் 18 அவருடைய நினைவு நாள். வருஷா வருஷம் சிலைக்கு மாலை போடுகிற படம்தான் பத்திரிகைகளில் வருகிறது. இந்த முறை உங்கள் இதழில் அந்த உயிலை முழுசாக அச்சிடுங்கள். என் கடைக்கு வருகிறவர்களுக்கும் நான் வாசித்துக் காட்டுவேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருநெல்வேலி டவுன்