நாயை எங்கே விடுவது என்று கேட்டாயே

மகள்,

நீ வட்ஸ்அப்பில் அனுப்பிய குரல்பதிவை மூன்று தரம் கேட்டேன். முதல் தரம் தகரத்தில் மழை விழுந்த சத்தத்தில் ஒன்றும் விளங்கவில்லை. இரண்டாம் தரம் கொம்மா நடுவில் புகுந்து "என்ன, துவக்குப் பிடிக்கப் போறாளாமோ" என்று தொடங்கிவிட்டா. மூன்றாம் தரம் மாட்டுக்கொட்டிலுக்குள் போய் நின்று கேட்டேன். நவம்பரில் மருமகனின் வேலையிடத்து ஆட்களோடு உங்கள் நாட்டின் வடக்கே காட்டுக்குள் வேட்டைக்கு நாலு இரவு, உன்னுடைய பீகிள் நாய்கள் இரண்டும் கூட வருகின்றன, அங்கே ஒரு மரக்குடிலும் கூடாரங்களும்தான், நாய்க்கென்று கூடு ஒன்றும் இல்லை, இரவில் அவற்றை எங்கே விடுவது. அதுதானே?

விடுவதில்லை, பிள்ளை. கட்ட வேண்டும். எப்படிக் கட்டுவது, எதற்குள் படுக்க வைப்பது என்பதுதான் நீளமான கதை. அதைக் குரலில் சொன்னால் கொம்மா குறுக்கே கதைப்பா, ஆகவே எழுதுகிறேன்.

நான் முதன்முதலில் காட்டில் இராத் தங்கியது 1974இல். பெரிய மாமாவோடு, எங்கள் வன்னியில் தண்ணிமுறிப்புக் குளத்துக்கு அந்தப் பக்கம், ஆனி மாதம், தேன் எடுக்கிற காலம். தேனோடு வேட்டையும் நடக்கும். அந்த நாளில் எங்கள் ஊர்களில் பன்றியும் முயலும் உடும்பும் சோற்றோடு சேர்ந்த விஷயங்கள். காட்டு விலங்குகளைக் காக்கிற 1937ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கத்தான் இருந்தது, காட்டுக்குள் அதை வாசிக்கிறவர்கள் குறைவு. இன்றைக்கு மான் மரையில் கைவைத்தால் சிறைதான், அது நல்லதும்கூட. சரி, அதை விடு. மாமாவிடம் ஐந்து நாய்கள். எல்லாம் ஊர்நாய்தான், ஆனால் பன்றியை மறித்து வைத்துக்கொண்டு ஆள் வரும்வரை விலகாமல் நின்று குரைக்கிற நாய்கள். பெரியது வீமன். கறுப்பி என்று ஒரு பெட்டை, சின்ன உடம்பு, எல்லாவற்றிலும் கெட்டிக்காரி.

அன்று பின்னேரம் வீமனும் கறுப்பியும் எங்கோ செத்துக்கிடந்த எருமையில் புரண்டுவிட்டு வந்தன. நாற்றம் தாங்கவில்லை. மாமா சோறு வடித்துக்கொண்டிருந்தார், "இரண்டையும் கட்டடா" என்றார். நான் அவற்றை, நாங்கள் இராத் தங்கப் போட்ட கொட்டிலான வாடிக்கு இருபது அடி தள்ளி, காட்டுப் பக்கமாக நின்ற வீரை மரத்தில், ஒரே தும்புக் கயிற்றின் இரண்டு முனையிலும் கட்டிவிட்டு வந்தேன். நாற்றமும் தூரப் போச்சு, காவலுக்கும் ஆச்சு என்று என் கணக்கு. பத்தொன்பது வயதில் எல்லாக் கணக்கும் சரியாகத்தான் வரும்.

சாமத்தில் குரைப்பே கேட்கவில்லை. அதைத்தான் நீ கவனிக்க வேண்டும். சிறுத்தை கழுத்தைப் பிடித்தால் நாய்க்குக் குரைக்க நேரம் கிடைக்காது. விடிய எழும்பிப் போனால் கறுப்பியின் பக்கத்துக் கயிறு அறுந்து கிடந்தது, மணலில் இழுத்துப் போன தடம். வீமன் மரத்தைச் சுற்றிச் சுற்றிக் கயிறு முழுவதையும் தண்டில் சுற்றிவிட்டு, முகம் மரப்பட்டையோடு ஒட்டியபடி நடுங்கிக்கொண்டு நின்றது. ஓடவும் வழியில்லை, திரும்பிப் பார்க்கவும் வழியில்லை. (அப்போது நாங்கள் அதைப் புலி என்றுதான் சொல்வோம். பிறகு அந்தச் சொல்லுக்கு எங்கள் பக்கத்தில் வேறு பொருள் வந்துவிட்டதால் நாலுகால்காரனைச் சிறுத்தை என்று பிரித்துச் சொல்லப் பழகிவிட்டோம்.)

மாமா ஏசவில்லை. மத்தியானம் வரை ஒரு சொல்லும் பேசாமல் முள்ளுக் கொப்புகளை வெட்டிப் போட்டார், நான் அவற்றை இழுத்து இழுத்து அலம்பல் வேலியாக அடுக்கினேன். கையெல்லாம் இரத்தம். அன்று அவர் கட்டிக் காட்டிய முறையைத்தான் கடைசிவரை நான் மாற்றவில்லை, உனக்கும் அதையே சொல்கிறேன்.

இரண்டு மரங்களுக்கு நடுவில் முழங்கால் உயரத்தில் ஒரு சங்கிலியை விறைப்பாக இழுத்துக் கட்டுவார். அந்தச் சங்கிலியிலிருந்து ஒவ்வொரு நாய்க்கும் இரண்டு முழத்தில் ஒரு துண்டு. எழும்பி நிற்கலாம், சுருண்டு படுக்கலாம், மரத்தைச் சுற்ற முடியாது. இரண்டு துண்டுகளுக்கும் நடுவில் ஆறு முழமாவது இடைவெளி, பக்கத்து நாயின் காலில் சிக்கக்கூடாது, சோற்றுக்குச் சண்டை பிடிக்கவும் எட்டக்கூடாது. கூட ஓடுகிற நாய்தானே, சண்டை பிடிக்காது என்று நினைக்காதே, பகல் முழுக்கத் தோளோடு தோள் நின்ற நாய்கள் இரவில் ஒரு எலும்புக்காகக் காதைக் கிழித்ததை நான் பார்த்திருக்கிறேன். கயிறு வேண்டவே வேண்டாம், மென்றுவிடும். அங்கே பிளாஸ்டிக் உறை போட்ட கம்பிக் கயிறு விற்கிறார்களாம், அது போதும், ஆனால் இரண்டு முனையிலும் சுழல்கிற கொழுக்கி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் விடியும்போது முறுக்கேறி அரை முழமாகிவிடும். கழுத்துப்பட்டி அகலமானதாக, இரண்டு விரல் உள்ளே போகிற அளவுக்கு. இழுத்தால் இறுகுகிற சங்கிலிப் பட்டியோடு ஒருநாளும் கட்டிவிட்டுப் போகாதே.

இன்னொன்று, கட்டுகிற இடத்தில் நாய் தாண்டிக் குதிக்கக்கூடிய எதுவும் இருக்கக்கூடாது. விழுந்த மரம், படி, வாகனத்தின் பின்பெட்டி, எதுவும். ஒருமுறை உழவு ரக்ரர் பெட்டிக்குள் நாயைக் கட்டிவிட்டுத் தண்ணீர் அள்ளப் போனோம், முயலைக் கண்டு வெளியே பாய்ந்துவிட்டது, கால் நிலத்தில் முட்டாமல் தொங்குகிறது. சின்ன மாமா கண்டபடியால் பிழைத்தது. இரண்டு நிமிடம் பிந்தியிருந்தால் அதுவும் போயிருக்கும்.

நாய்கள் எங்கே நிற்க வேண்டும் என்றால், நெருப்புக்கும் நீங்கள் படுக்கிற இடத்துக்கும் நடுவில். காட்டுப் பக்கம் இல்லை. சிறுத்தை அதிகம் உள்ள இடமென்றால் மாமா அலம்பலால் பட்டி கட்டி அதற்கு மேலேயும் தடி பரப்பி முள் போடுவார். மேலே மூடாத பட்டி, வட்டிலில் சோறு வைத்துக் கொடுத்த மாதிரி. பாலை மரத்துக்குக் கீழே வாடி போடவே மாட்டார், ஆனி ஆடியில் பாலைப்பழம் தின்னக் கரடி வரும். புற்றுப் பக்கம் நாய் கட்டுவதில்லை, பாம்புக்காக. குளக்கரையில் கட்டுவதில்லை, முதலைக்காக. உங்களுக்கு இவை எல்லாம் தேவையில்லை, ஆனாலும் கூடாரம் போட முதல் ஒருதரம் சுற்றி நடந்து பார், எச்சம் கிடக்கிறதா, காலடி இருக்கிறதா, பழம் விழுந்து கிடக்கிறதா என்று. உன் பக்கத்துக் கரடியும் மணத்துக்குத்தான் வரும். நாயின் சாப்பாட்டு மூட்டையை நாய்க்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் படுக்காதே.

அவிழ்த்துவிட்டால்தானே நாய் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் என்று மருமகன் சொன்னதாகச் சொன்னாய். பாவம், அவருக்கு யானையைத் தெரியாது. அவிழ்த்துவிட்ட நாய் சாமத்தில் யானையை மணந்து ஓடும், குரைக்கும், யானை ஆத்திரப்பட்டுத் திரும்பியதும் பயந்து ஓடி வரும். எங்கே வரும்? உன்னிடம்தான் வரும். யானையையும் கூட்டிக்கொண்டு வரும். நெடுங்கேணிப் பக்கம் இப்படி ஒரு வாடி முழுவதும் சப்பளிந்து போனதை என் கண்ணால் பார்த்தேன், ஆட்கள் மரத்தில் ஏறியபடியால் தப்பினார்கள். கரடியிடமும் இதே வேலைதான் செய்யும். உங்கள் காட்டில் யானை இல்லை, ஓநாய் இருக்கிறது என்றாய். ஓநாய் தன் எல்லைக்குள் வந்த நாயை வேறு கூட்டத்து ஓநாயாகத்தான் எடுக்கும், உன் பீகிள் குரைத்துக்கொண்டு போனால் வரவேற்காது. கழுத்தில் ஜி.பி.எஸ் பட்டி போட்டிருக்கிறோம் என்கிறாய், நல்லது. அது நாய் எங்கே இருக்கிறது என்று காட்டும், எந்த நிலைமையில் இருக்கிறது என்று காட்டாது.

எனக்குப் பழக்கமில்லாதது உங்கள் குளிர். ஆனால் மாரியில் கன்றுக்குட்டி வளர்த்தவனுக்குக் கொஞ்சம் விளங்கும். பீகிளுக்கு மயிர் குட்டை. பூச்சியத்துக்குக் கீழே போகிற இரவில் வெளியே சங்கிலியில் படுக்க வைக்கிற நாய் இல்லை அது. குடிலுக்குள் இடம் தருவார்கள் என்றால் உள்ளே எடு, நாய் கொண்டுபோகிற கூட்டை மூலையில் வைத்து அதற்குள் விட்டுப் பூட்டு. கேட்டுப் பார், கேட்க வெட்கப்படாதே. இல்லையென்றால் மரப்பெட்டி ஒன்று அடிக்கச் சொல். பெரிதாக அடித்தால் அன்பு என்று நினைப்பார்கள், பிழை. நாய் உள்ளே திரும்பிச் சுருண்டு படுக்கிற அளவுதான், அதன் உடம்புச் சூட்டாலேயே பெட்டி சூடாக வேண்டும். நிலத்தில் முட்டாமல் கீழே இரண்டு கட்டை. வாசல் காற்றுக்கு முதுகுப் பக்கம், வாசலில் ஒரு தடித்த துணி தொங்க வேண்டும். மேலே தறப்பாள், அது பெட்டியில் ஒட்டாமல் சாய்வாக இழுத்துக் கட்டினால் பனி வழுகிப் போகும். தறப்பாள் கட்டத் தெரியாதா உனக்கு? செட்டிகுளம் அகதி முகாமில் கட்டிய ஆட்கள் நாங்கள்.

உள்ளே போர்வை போடாதே. ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பிறகு நாய் ஈரத்துணியில் படுத்த மாதிரி. வைக்கல் போடு, நிறைய, நாய் அதற்குள் புதைந்துபோகிற அளவுக்கு. மாட்டுக்குத் தின்னக் கொடுக்கிற காய்ந்த புல் வேறு, தானியம் அடித்தபின் மிஞ்சுகிற வைக்கல் வேறு, கடையில் பார்த்து வாங்கு. வைக்கல் தண்டு உள்ளே கோறை, அதில் நிற்கிற காற்றுத்தான் சூட்டைப் பிடித்து வைக்கும். நனைந்தால் மாற்று. நாயை உள்ளே விட முதல் துவாயால் வடிவாகத் துடை, விரலிடுக்கில் ஐஸ் கட்டியிருக்கும், அதைக் கையில் பிடித்துக் கரைத்து எடு. கூடாரத்துக்குள் காஸ் அடுப்பு மூட்டி நாயையும் உங்களையும் சூடாக்குகிற வேலை மட்டும் வேண்டாம், மூடிய இடத்தில் அந்தப் புகை மணமில்லாமலே ஆளை முடித்துவிடும்.

சாப்பாட்டைப் பற்றி ஒன்றுதான். ஓடிவந்த உடனே வயிறு முட்டக் கொடுக்காதே, மூச்சு அடங்கட்டும், முதலில் கொஞ்சம் தண்ணீர், ஒரு மணித்தியாலம் போகட்டும். இல்லாவிட்டால் வயிறு ஊதிப் புரண்டுவிடும், காட்டில் அதற்கு மருந்து இல்லை. உண்ணி, முள், விசர்நாய் ஊசி எல்லாம் உனக்குத் தெரியும். உங்கள் முள்ளம்பன்றியின் முள்ளில் தூண்டில் மாதிரிக் கொளுவி இருக்கிறதாம், அதைப் பிடுங்க ஒரு சாமணம் கொண்டு போ.

இங்கே நாய் வளர்க்கிறதே இப்போது பயம். பன்றிக்கு வைக்கிற சுருக்குக் கம்பி, பன்றி வெடி. போன மாதம் பக்கத்துக் காணிக்காரரின் நாய் வெடியைக் கடித்துத் தாடை போய்விட்டது. காவல் கொட்டிலுக்கு நாயைக் கூட்டிப் போவதை நான் விட்டுவிட்டேன்.

நீ ஏன் இந்தக் கேள்வியைக் கேட்டாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. 2008 மார்கழியில் சண்டை நெருங்கி நாங்கள் ஒட்டுசுட்டானை விட்டு வெளிக்கிட்ட இரவு, ரக்ரரில் இடமில்லை என்று சொல்லிச் சீசரை அவிழ்த்துவிட்டேனே. முப்பது வருடத்துக்கு மேல் நான் இரவில் நாயை அவிழ்த்துவிட்டது அந்த ஒருநாள்தான். கட்டிவிட்டுப் போனால் பசியில் செத்துவிடும், வேறு வழி தெரியவில்லை. புதுக்குடியிருப்பு றோட்டில் வெகுதூரம் பின்னால் ஓடி வந்தது, நீ பெட்டிக்குள்ளிருந்து அழுதாய், நான் திரும்பிப் பார்க்கவில்லை என்று நீ நினைத்தாய். பார்த்தேன். 2011இல் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, வேம்பு நின்றது, அதன் அடியில் சங்கிலி கிடந்தது. துரு ஏறியிருந்தது, எண்ணெய் போட்டுத் தேய்த்து எடுத்து வைத்திருக்கிறேன்.

அதை உனக்குத் தபாலில் அனுப்பலாமா என்று கொம்மா கேட்கிறா. அந்தத் தபால் காசுக்கு அங்கே புதிதாக நாலு சங்கிலி வாங்கலாம் என்று சொன்னேன். கோபித்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டா. அனுப்புவதா வேண்டாமா என்று நீயே எழுது. பெட்டி அடித்ததும் வைக்கல் போட முதல் ஒரு படம் எடுத்து அனுப்பு, வாசல் எந்தப் பக்கம் என்று நான் பார்க்க வேண்டும்.

அப்பா