ஆறப்போட்ட நிலத்தைக் கைவிட்ட நிலம் என்று எழுதாதீர்கள்

மானுடப் புவியியல் பாடநூல்களை எழுதும், திருத்தும், அச்சுக்கு அனுப்பும் குழுவினருக்கு,

வணக்கம். பதினெட்டு ஆண்டுகளாக வேளாண்மைப் பாடத்தை வகுப்பில் நடத்தி வருபவன் எழுதுகிறேன். பாடத்திட்டம் கனம், பக்கங்கள் அதிகம் என்ற வழக்கமான புலம்பல் இதில் இல்லை. ஒரே ஒரு சொல்லைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

விடைத்தாள் திருத்தும்போது ஒரு வாக்கியம் நூறு தடவையாவது கண்ணில் படும்: "பழமையான தன்னிறைவு வேளாண்மையில் மக்கள் காட்டை எரித்து, இரண்டு மூன்று ஆண்டுகள் பயிரிட்டு, மண் வளம் குன்றியதும் நிலத்தைக் கைவிட்டு வேறிடம் செல்கின்றனர்." புத்தகத்தில் உள்ளதை அப்படியே எழுதியிருப்பார்கள். முழு மதிப்பெண். நானும் கூசாமல் போட்டு வந்திருக்கிறேன். சென்ற ஆண்டு கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: "கைவிட்டுட்டுப் போயிட்டா அப்புறம் அந்த நிலம் யாருது சார்?"

அடுத்த வகுப்பில் சொல்கிறேன் என்று சமாளித்துவிட்டு வந்தேன். சொல்வதற்காகப் படிக்கப் படிக்கத்தான் நாம் என்ன எழுதி வைத்திருக்கிறோம் என்பது புரிந்தது.

முதலில் அந்த வயலுக்குள் போய்ப் பார்ப்போம். பிலிப்பைன்ஸின் மிண்டோரோ தீவில் ஹனுனூ மக்களுடன் தங்கி, அவர்களுடைய மலை வயல்களை அமெரிக்க மானுடவியலாளர் ஹெரால்ட் காங்க்ளின் பதிவு செய்தது 1950களில். அவர் கண்டது காட்டைக் கண்டபடி கொளுத்துகிற கூட்டத்தை அல்ல. இடம் தேர்ந்தெடுக்க ஒரு முறை. வெட்டுவதற்கு ஒரு பருவம். தீ பக்கத்துக் காட்டுக்குத் தாவாதபடி வயலைச் சுற்றிக் கூட்டிப் பெருக்கிய வெற்றுப் பட்டை. எரித்த சாம்பல் ஆறிய பிறகு கூர்ங்கழியால் குழி குத்தி நெல் விதைக்கிறார்கள். அதோடு மக்காச்சோளம், அவரை வகைகள், கிழங்குகள், வாழை என்று ஒரே வயலில் ஒரே நேரத்தில் 40 வகைப் பயிர்கள் வரை நிற்கும். உயரமானது, படர்வது, மண்ணுக்கடியில் முதிர்வது என்று அடுக்கடுக்காக நிற்பதால் மழைத்துளி நேராக மண்ணில் அடிப்பதில்லை. நெல் அறுத்து முடிந்ததும் வயல் முடிந்துவிடவும் இல்லை. கிழங்கும் வாழையும் அடுத்த சில ஆண்டுகளுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஆட்கள் போய் வந்துகொண்டுதான் இருப்பார்கள்.

இதில் எந்தக் கட்டத்தில் "கைவிட்டார்கள்" என்று கோடு கிழிப்பது?

இன்னொன்று. பல இடங்களில் ஊர் நகர்வதே இல்லை. வயல்தான் சுற்றி வருகிறது. நாமோ "இடப்பெயர்வு வேளாண்மை" என்று பெயர் வைத்திருக்கிறோம். தேர்வில் பாதிப் பேர் இதை நாடோடி வாழ்க்கையோடு குழப்புவதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். புனம் என்று அருமையான பழஞ்சொல் தமிழில் கிடக்கிறது. மலைச்சரிவில் காடு திருத்திய கொல்லைக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் உண்டா? 'புன வேளாண்மை' என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்? (மொழிப்பற்றால் சொல்லவில்லை. பெயர் சரியாக இருந்தால் எனக்கு அரை மணி நேர விளக்கம் மிச்சம்.)

மண் வளம் குன்றியதால் போகிறார்கள் என்பதும் பாதிக் கதைதான். மூன்றாம் ஆண்டில் விவசாயியை விரட்டுவது பெரும்பாலும் களை. எரித்த முதல் ஆண்டில் களை விதைகள் தீயோடு போயிருக்கும். பிறகு ஆண்டுக்கு ஆண்டு அது ஏறும், களையெடுக்கும் உழைப்பு விளைச்சலை மிஞ்சும். அந்த நிலையில் நிலத்தை மரங்களிடம் ஒப்படைப்பதுதான் கெட்டிக்காரத்தனம். மரம் நிழல் போடும், நிழலில் களை சாகும், ஆழத்து வேர்கள் சத்தை மேலே கொண்டுவரும், உதிர்ந்த இலை மண்ணாகும். பதினைந்து இருபது ஆண்டு கழித்து மறுபடி வெட்டும்போது அவ்வளவும் சாம்பலாக வயலுக்குத் திரும்பும். நிலம் அந்த இருபது ஆண்டும் வேலை செய்துகொண்டுதான் இருந்தது. மனிதன் வேலை செய்யவில்லை, அவ்வளவுதான்.

இதற்கும் தமிழில் சொல் இருக்கிறது. நிலத்தை ஆறப்போடுவது. ஆறப்போடுகிறவன் திரும்பி வருவான் என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. 'கைவிட்டது' என்பதில் அது இல்லை. நம் நிலப்பயன்பாட்டு அட்டவணையில் இருக்கும் 'தரிசு' என்ற சொல்லோ இரண்டு பக்கமும் சாய்கிறது: ஓய்வில் இருக்கும் வயலும் தரிசு, எதற்கும் ஆகாத கட்டாந்தரையும் தரிசு. இப்படி ஒரு சொல்லை வைத்துக்கொண்டு பதினாறு வயதுப் பிள்ளை வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு குடும்பம் ஆண்டுதோறும் ஒரு எக்டேரில் பயிரிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு துண்டிலும் இரண்டு ஆண்டு பயிர், பதினெட்டு ஆண்டு ஓய்வு. சுற்று முழுமையாக ஓட அந்தக் குடும்பத்துக்கு 10 எக்டேர் வேண்டும். இப்போது ஏதோ ஓர் ஆண்டில் அளவைக்காரர் வந்து வரைபடம் போடுகிறார். அவர் கண்ணுக்கு ஒரு எக்டேர் வயல் தெரியும், ஒன்பது எக்டேர் காடு தெரியும். அந்த ஒன்பதையும் 'பயன்பாட்டில் இல்லை' என்ற நிறத்தில் பூசுகிறார். வரைபடத்தில் பிழை இல்லை. அந்த நாளில் அப்படித்தான் இருந்தது. ஆனால் அடுத்து அந்த ஒன்பது எக்டேரில் பெரும்பகுதிக்கு ஒரு தோட்ட நிறுவனமோ காப்புக்காடோ வந்தால், 'காலி இடத்தைத்தானே கொடுத்தோம்' என்ற பதில் தயாராக இருக்கும். மீதி நிலத்தில் அந்தக் குடும்பம் ஓய்வைப் பதினெட்டிலிருந்து நான்காகவும் மூன்றாகவும் குறைக்கும். மண் உண்மையிலேயே கெடும். அப்போது நம் புத்தகம் வந்து, 'பார்த்தீர்களா, இந்த முறையே மண்ணைக் கெடுப்பது' என்று சொல்லும்.

மக்கள்தொகை பெருகியும் ஓய்வு குறைந்திருக்கிறது, அதை மறைக்கவில்லை. சுற்று சுருங்கிய இடங்களில் எரிப்பு கேடுதான் செய்கிறது. ஆனால் கேடு எரிப்பதில் இருக்கிறதா, சுற்று சுருங்கியதில் இருக்கிறதா என்று மாணவருக்குச் சொல்ல வேண்டாமா?

இதே புத்தகத்தில் ஐந்து பக்கம் தள்ளி இடைக்கால ஐரோப்பாவின் மூன்று வயல் முறை வருகிறது. ஒன்றில் குளிர்காலத் தானியம், ஒன்றில் வசந்தகாலப் பயிர், மூன்றாவது ஆறப்போட்டது. ஊர் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆண்டு முழுக்கச் சும்மா கிடக்கிறது. அதற்கு நாம் கொடுத்திருக்கும் தலைப்பு 'பயிர்ச் சுழற்சி முறையின் வளர்ச்சி'. மலையில் செய்தால் கைவிடல், சமவெளியில் செய்தால் சுழற்சி! ஐரோப்பாவும் காட்டை எரித்துப் பயிரிட்டதுதான். பின்லாந்தில் ரை (rye) தானியத்தைச் சாம்பலில் விதைக்கும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இருந்தது. அந்த ஒரு வரி நம் பாடத்தில் எங்கும் இல்லை. எரித்துப் பயிரிடும் முறையைக் காட்ட, மிளகாய்ச் சிவப்பில் உலக வரைபடத்தின் நடுவிலுள்ள வெப்பமண்டலப் பட்டை மட்டும்தான் நிறம் பூசப்பட்டிருக்கிறது.

டென்மார்க்கின் பொருளியலாளர் எஸ்டர் போஸரப் 1965இல் இந்த முறைகளையெல்லாம் ஒரே கயிற்றில் கோத்துக் காட்டினார். இருபது ஆண்டுக்கு மேல் ஓய்வு கொடுக்கும் காட்டுக் கொல்லை, ஆறு முதல் பத்தாண்டு ஓய்வு தரும் புதர்க் கொல்லை, ஓரிரு ஆண்டு ஓய்வு, ஆண்டுக்கொரு போகம், ஆண்டுக்குப் பல போகம். நிலம் நெருக்கும்போது ஓய்வு குறைகிறது, உழைப்பு கூடுகிறது. அவர் சொன்னதில் பாடநூல்கள் விழுங்கிவிடும் பகுதி ஒன்று உண்டு: ஓய்வைக் குறைத்தால் ஒரு எக்டேருக்கு விளைவது கூடும், ஆனால் ஒரு மணி நேர உழைப்புக்குக் கிடைப்பது பெரும்பாலும் குறையும். ஆக, இடம் தாராளமாக இருக்கிறவன் புனம் போடுவது அறியாமையால் அல்ல. முதுகை மிச்சம் பிடிக்கிறான். நம் புத்தகத்தில் போஸரப், மக்கள்தொகை உணவை மிஞ்சிவிடும் என்ற மால்தஸுக்குப் பதிலாக, 'மால்தஸுக்கு மறுப்பு' என்ற பெட்டிச் செய்திக்குள் அடைபட்டுக் கிடக்கிறார். புன வேளாண்மைப் பத்தியில் அவர் பெயரே கிடையாது.

அமெரிக்கப் புவியியலாளர் விட்டில்சியையும் சும்மா விடவில்லை நாம். உலக வேளாண் பகுதிகளை 1936இல் அவர் 13 வகையாகப் பிரித்தபோது பயிரும் கால்நடையும் சேர்ந்திருக்கும் விதம், உழைப்பும் முதலும் இடப்படும் அளவு, விளைச்சல் வீட்டுக்கா சந்தைக்கா என்பது போன்ற அளவுகோல்களை வைத்தார். அது அலமாரி. நாம் அதை ஏணியாக்கி, கீழ்ப்படியில் புனத்தையும் மேய்ச்சலையும், மேற்படியில் வணிகத் தானிய வேளாண்மையையும் நிறுத்திவிட்டோம். அந்த மேற்படியில் நிற்கும் அமெரிக்கப் பெருஞ்சமவெளிதான் புல்வெளியை உழுது 1930களில் மண்ணைப் புழுதியாகக் காற்றில் பறக்கவிட்டது.

வரைபடத்தில் வெற்றிடமாகத் தெரிவது வெற்றிடம்தானா என்பதற்கு மேற்கு ஆப்பிரிக்காவின் கினி நாட்டிலுள்ள கிசிடுகு பகுதியைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. புல்வெளிக்கு நடுவே ஊருக்கு ஊர் அடர்ந்த காட்டுத் திட்டுகள். ஒரு காலத்தில் எங்கும் பரவியிருந்த பெருங்காட்டை ஊரார் அழித்ததில் மிஞ்சிய துண்டுகள் இவை என்று பிரெஞ்சு ஆட்சிக்காலத்திலிருந்தே அதிகாரிகள் நம்பினார்கள். தீ வைத்தால் தண்டனை என்று சட்டமும் போட்டார்கள். 1990களில் மானுடவியலாளர்கள் ஜேம்ஸ் ஃபேர்ஹெட், மெலிசா லீச் இருவரும் 1952ஆம் ஆண்டின் வான்படங்களைப் பிற்காலச் செயற்கைக்கோள் படங்களோடு வைத்துப் பார்த்தார்கள், ஊர்ப் பெரியவர்களிடமும் கேட்டார்கள். கதை தலைகீழ். ஊர் வந்த பிறகுதான் அங்கே காடு வந்திருக்கிறது. வீட்டைச் சுற்றிக் கட்டிய மாடுகள் புல்லை மேய்ந்து தீக்கு இரையில்லாமல் செய்ய, சாணமும் குப்பையும் மண்ணைக் கொழுக்க வைக்க, நட்டதும் தானாய் முளைத்ததுமாகத் திட்டுகள் வளர்ந்திருக்கின்றன. காட்டை வளர்த்தவர்களுக்கே காட்டை அழித்தவர்கள் என்ற பட்டம்.

ஜெர்மானியப் பண்ணையாரும் பொருளியலாளருமான வான் தூனனின் வட்டங்களையும் இந்தக் கண்ணோடு பார்க்கச் சொல்கிறேன். 1826இல் அவர் வரைந்த கற்பனை நாட்டில் நடுவே ஒரே நகரம். சுற்றிலும் பாலும் காய்கறியும், அடுத்து விறகுக்காடு, அடுத்து தானியம், அதற்கப்பால் கால்நடை. மெக்லன்பர்க்கில் தன் டெல்லோ பண்ணையின் கணக்குப் புத்தகத்தை வைத்துப் போட்ட கணக்கு அது. வண்டி இழுக்கும் குதிரைகள் வழியில் தின்னும் தீனியைக்கூட விலையில் கழித்தார். குறிப்பிட்ட தூரத்துக்கு மேல் சுமையை அவையே தின்று தீர்த்துவிடும் என்பதால் அங்கே தானியம் விளைவித்து நகரத்துக்கு அனுப்புவதில் பொருளில்லை. எவ்வளவு அழகான கணக்கு! அதை நாம் ஆறு வண்ண வட்டமாக்கி மனப்பாடம் செய்ய வைக்கிறோம். கடைசி வட்டத்துக்கு வெளியே 'பயனற்ற காடு' என்று குறித்துவிட்டும் போகிறோம். அந்த நகரத்துக்குப் பயனற்றது என்பதுதான் தூனனின் கணக்கு. அங்கே வாழ்கிறவருக்கு என்று அவர் கணக்கே போடவில்லை.

மேய்ச்சலுக்கும் இதே கதிதான். உலக உணவு வேளாண் நிறுவனத்தின் கணக்குப்படி உலகில் வேளாண்மைக்குப் பயன்படும் நிலம் சுமார் 480 கோடி எக்டேர். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மேய்ச்சல் நிலம். நம் பாடத்தில் மேய்ச்சலுக்கு ஒன்றேகால் பக்கம். பொதுவில் கிடக்கும் மேய்ச்சல் நிலம் சீரழிந்தே தீரும் என்று 1968இல் அமெரிக்கச் சூழலியலாளர் ஹார்டின் சொன்னதைப் போட்டிருக்கிறோம். சுவிட்சர்லாந்தின் டொர்பல் கிராமத்தைப் போடவில்லை. குளிர்காலத்தில் உன் தொழுவத்தில் எத்தனை மாட்டுக்குத் தீவனம் போட முடியுமோ அத்தனை மாட்டைத்தான் கோடையில் பொது மலைக்கு ஏற்றலாம் என்று 1517லேயே அங்கே எழுதி வைத்தார்கள். ஒரே வரி விதி. சரிபார்க்கத் தொழுவத்தை எட்டிப் பார்த்தால் போதும். 2009இல் பொருளியல் நோபல் பெற்ற எலினார் ஆஸ்ட்ரம் எடுத்துக்காட்டிய ஊர் அது. மறுபக்கம் இங்கிலாந்தில் 1604 முதல் 1914 வரை நிறைவேறிய 5,200க்கும் மேற்பட்ட வேலியடைப்புச் சட்டங்கள் நாட்டின் நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தொட்டன. பொது மேய்ச்சலையும் திறந்த வயலையும் தனி உடைமையாக்கிய அந்தச் சட்டங்கள் நம் புத்தகத்தில் 'உற்பத்தி பெருகியது' என்ற ஒரே வரியில் முடிந்துபோகின்றன. பசுவை எங்கே ஓட்டுவது என்று தெரியாமல் நின்றவர்களுக்கு அந்த வரியில் இடமில்லை.

நான் கேட்பது பெரிதல்ல. 'கைவிட்டு' என்பதை 'ஆறப்போட்டு' என்று மாற்றுங்கள். 'பழமையான' என்ற அடைமொழியை எடுத்துவிடுங்கள். தீ எரியும் அந்த ஒற்றைப் புகைப்படத்துக்குப் பதிலாக ஒரே துண்டு நிலத்தை முதல் ஆண்டு, மூன்றாம் ஆண்டு, ஒன்பதாம் ஆண்டு, பதினெட்டாம் ஆண்டு என்று நான்கு சிறு படங்களாகப் போடுங்கள். கோட்டுச் சித்திரமே போதும். நிலப்பயன்பாட்டு அட்டவணையில் ஓய்வு நிலத்துக்கும் பயிரேறா நிலத்துக்கும் தனித்தனி வரி வேண்டும். இதனால் ஒரு பக்கம்கூட அதிகமாகாது. இடம் பற்றாவிட்டால் தூனன் வட்டத்தின் வண்ணப் படத்தைச் சுருக்கிக்கொள்ளுங்கள், யாரும் வருத்தப்பட மாட்டார்கள்.

கூடவே, தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்கு ஒரு கேள்வி. அந்த நான்கு படங்களைக் கொடுத்து, 'ஒன்பதாம் ஆண்டில் இந்த நிலம் யாருடையது? ஏன்?' என்று கேளுங்கள். கடைசி பெஞ்சு மாணவிக்கு நான் இன்னும் பாக்கி வைத்திருக்கும் பதில் அது. அவள் இந்த ஆண்டு தேர்வு எழுதுகிறாள்.

இப்படிக்கு,
ஒரு புவியியல் ஆசிரியர்