வளைவுக்குக் கேட்ட காசு

அன்புள்ள மகனுக்கு,

முள்ளியவளையிலிருந்து அப்பா எழுதுவது. நாங்கள் நலம்.

பள்ளிக்கூட நுழைவாயில் வளைவுக்குப் பழைய மாணவர் சங்கத்தார் உன்னிடம் காசு கேட்டார்களாம், கொடுப்பதா விடுவதா என்று நீ யோசிக்கிறாயாம், அம்மா சொன்னாள். லண்டனில் உன்னை யார் அறிவார்? இங்கே கல்லில் உன் பெயரை வெட்டினால் ஊரே வாசிக்கும். அந்த ஆசையை நான் பழிக்கமாட்டேன். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குக் காசு அனுப்புகிறவர்களுக்கு அம்மன்மேல் பக்தியும் உண்டு, பெயர் விளங்க வேண்டும் என்ற எண்ணமும் உண்டு.

2009இல் போரில் இடம்பெயர்ந்து நாங்கள் செட்டிகுளம் மெனிக் பாம் அகதி முகாமில் கிடந்தபோது, அதுவரை ஊருக்கு ஒரு சதமும் அனுப்பாதவர்கள்கூட அள்ளிக் கொடுத்தார்கள். முள்வேலிக்குள் இருந்தது அவர்களின் இரத்தம் அல்லவா? இன்று அந்தச் சூடு இல்லை. வீட்டுக் கடனும் பிள்ளைகளின் படிப்பும் முன்னே வந்து நிற்கின்றன. பிரித்தானியாவில் வரி கட்டுபவர் அங்கே பதிவான தொண்டு நிறுவனத்துக்கு ஒரு பவுண் கொடுத்தால் அரசாங்கம் 25 பென்ஸ் சேர்க்கும், ஊர்ச் சபைக்கு நேரே அனுப்பினால் அது கிடையாது என்று நீயே சொன்னாய். ஆகவே சிலர் அந்த வழியையே நாடுகிறார்கள், நியாயம்தான். உன் பிள்ளைகளுக்கோ முள்ளியவளை வெறும் பெயர். அவர்கள் கொடுத்தால் பூனைக் காப்பகத்துக்குத்தான் கொடுப்பார்கள்.

கொடுத்த காசு என்னவாயிற்று என்ற சந்தேகமும் வீணானதல்ல. பக்கத்துப் பள்ளி ஒன்றில் வெளிநாட்டுக் காசில் நூலகம் கட்டினார்கள். கறுப்புக் கல்லில் கொடையாளர் பெயர் மின்னுகிறது. உள்ளே இரண்டு அலுமாரிகள் பூட்டியே கிடக்கின்றன, திறந்து புத்தகம் கொடுக்க ஆள் இல்லை. கட்டடத்துக்குத் திறப்புவிழா வைக்கலாம், சம்பளத்துக்கு நாடா வெட்ட முடியுமா?

எங்கள் ஒழுங்கை முன்பள்ளி ஆசிரியைக்குக் கிடைக்கும் கொடுப்பனவு மிகச் சொற்பம். போன கிழமை அவள் சைக்கிள் டயர் வெடித்துவிட்டது. கிழிந்த இடத்தில் பழைய டியூப் துண்டைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, தடக் தடக்கென்று ஓட்டி வந்தாள். அன்றும் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கத் தவறவில்லை.

வளைவுக்குச் சிறு தொகை கொடுத்துவிடு, சங்கத்தாரின் முகத்தை முறிக்க வேண்டாம். அந்த ஆசிரியைக்கு மாதாமாதம் உன்னால் இயன்றதை அனுப்பு. என் பெயருக்கு அனுப்பாதே, நாளைக்கு அப்பன் தின்றுவிட்டான் என்பார்கள். முன்பள்ளிக் குழுவின் வங்கிக் கணக்குக்கே போடு. இலக்கத்தை அம்மாவின் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா