பத்தொன்பது வயது ‘மூப்பர்’கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜப்பான் தெருக்களில் வெள்ளைச் சட்டையும் டையும் கறுப்புப் பெயர்ப்பட்டையுமாக, இரண்டிரண்டு பேராகச் சைக்கிளில் போகும் அமெரிக்க இளைஞர்களைப் பற்றி ஞாயிறு இணைப்பில் எழுதியிருந்தீர்கள். அவர்கள் மார்மன் என்ற அமெரிக்கக் கிறிஸ்தவச் சபையின் மிஷனரிகள் என்பது சரி. ‘சபைச் சம்பளத்தில் இரண்டு வருடம் ஊர் சுற்றுகிறார்கள்’ என்ற வரியில்தான் இரண்டு தவறு. சம்பளம் கிடையாது, ஊர் சுற்ற நேரமும் கிடையாது.

முதலில் பணம். அமெரிக்காவிலிருந்து போகிறவர் மாதாமாதம் சபைக்கு 500 டாலர் கட்டவேண்டும். 2020 ஜூலைக்கு முன் 400 ஆக இருந்தது. ஆண்களுக்கு 24 மாதம், பெண்களுக்கு 18 மாதம். ஆக ஒரு பையனுக்கு 12,000 டாலர். அவன் வேலை பார்த்துச் சேர்த்தது, பெற்றோர் கொடுத்தது, சொந்த ஊர்ச் சபையார் போட்டது எல்லாம் சேர்ந்துதான் அந்தத் தொகை. 1991-க்கு முன் போகிற ஊரின் செலவு எவ்வளவோ அவ்வளவையும் கட்டவேண்டியிருந்தது. போகவேண்டியது ஜப்பான் என்று சபையின் கடிதம் வந்த வீட்டில் மகிழ்ச்சியோடு கவலையும் வந்திருக்கும். இப்போது டோக்கியோவானாலும் மணிலாவானாலும் ஒரே தொகை. எந்த நாடு என்பதை சபைத் தலைமையகம் உள்ள சால்ட் லேக் சிட்டியில் முடிவு செய்கிறார்கள். போகிறவர் கேட்டு வாங்க முடியாது. வாடகையை மிஷன் அலுவலகம் பார்த்துக்கொள்ளும். சாப்பாட்டுக்கும் பயணத்துக்கும் சோப்புக்கும் மட்டும் ஒரு மாதப்படி அட்டையில் ஏறும். முதல் பத்து நாளில் கடையில் தாராளமாக வாங்கிவிட்டால் கடைசி வாரம் சோறும் முட்டையும்தான்.

பெயரைப் பற்றியும் ஒன்று. பெயர்ப்பட்டையில் முதற்பெயர் இருக்காது; ‘எல்டர்’ அல்லது ‘சிஸ்டர்’ என்பதோடு குடும்பப் பெயர் மட்டும். ஜப்பானில் எல்டர் என்பது ‘சோரோ’ ஆகிவிடும். தமிழ் விவிலியத்தில் அதற்குச் சொல் ‘மூப்பர்’. மீசை முளைத்தும் முளைக்காத வயதில் மூப்பர் பட்டம்! ‘மார்மன்’ என்று அழைக்கவேண்டாம், சபையின் முழுப் பெயரையே சொல்லுங்கள் என்று 2018-இல் அவர்கள் தலைமை கேட்டுக்கொண்டது. வாசகருக்கு விளங்கவேண்டும் என்பதால் இங்கே பழைய பெயரையே எழுதுகிறேன்.

காலை 6:30-க்கு எழவேண்டும். அரைமணி உடற்பயிற்சி, குளியல், சாப்பாடு. பிறகு தனியாக வேதப் படிப்பு, இருவரும் சேர்ந்து படிப்பு, அதன்பின் மொழிப் படிப்பு. இரவு ஒன்பது, ஒன்பதரைக்குள் வீடு திரும்பி மறுநாள் வேலையைத் திட்டமிட்டு, 10:30-க்கு விளக்கை அணைக்கவேண்டும். 2017 முதல் இந்த வரிசையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள இடம் கொடுத்திருக்கிறார்கள். வாரத்தில் ஒரு பகல், பெரும்பாலும் திங்கள், துணி துவைக்கவும் காய்கறி வாங்கவும் வீட்டுக்கு எழுதவும். கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டுமே வீட்டோடு பேசலாம் என்றிருந்தது 2019 பிப்ரவரியில் மாறியது. இப்போது வாரம் ஒருமுறை பேசலாம்.

இதையெல்லாம் பழகிக்கொள்ளலாம். கடினமானது கம்பேனியன் விதி. ஒரே பாலினத்தவர் இருவர் ஒரே வீட்டில் தங்கி, குளியலறை நேரம் தவிர எப்போதும் ஒருவர் பார்வையிலும் காதுக்கெட்டும் தூரத்திலும் மற்றவர் இருக்கவேண்டும். ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் மற்றவரும் வீட்டிலேயே. யாரோடு இருப்பது என்பதை மிஷன் தலைவர்தான் தீர்மானிப்பார். சண்டை பெரிய விஷயத்தில் வருவதில்லை. ஒருவர் சாப்பிட்டபின் தட்டை ஊறவைத்துவிட்டுப் போவார், மற்றவருக்கு உடனே கழுவவேண்டும். தனியாகக் கதவைச் சாத்திக்கொண்டு ஆறப்போட வழியில்லாததால் சின்ன மனக்கசப்பு நான்கு நாளில் பெரிதாகும். ஆறு வாரத்துக்கு ஒருமுறை இடமாற்றம் வரும் என்பதே பலருக்கு ஆறுதல். பாதுகாப்புக்கும் நல்ல பெயருக்கும் இந்த விதி உதவுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தனிமை வேண்டிய சுபாவக்காரரை இது வாட்டி எடுக்கும். போகுமுன் அதை யாரும் அவ்வளவு தெளிவாகச் சொல்வதில்லை.

இடமாற்றம் என்றால் பெட்டியைத் தூக்கினால் போதாது. ஜப்பானில் வேறு நகராட்சிக்குக் குடிபோகும்போது பழைய அலுவலகத்தில் ‘வெளியேறுகிறேன்’ என்று எழுதிக் கொடுத்துச் சான்று வாங்கவேண்டும். புதிய ஊர் சேர்ந்த 14 நாளுக்குள் அந்தச் சான்றையும் குடியிருப்பு அட்டையையும் அங்குள்ள அலுவலகத்தில் காட்டிப் புது முகவரியை ஏற்றவேண்டும். இடமாற்றச் செய்தி வந்து ஓரிரு நாளில் கிளம்புகிறவர் முதல் படியை மறந்துவிடுவார். சனி, ஞாயிறு அலுவலகம் இருக்காது. பிறகு தபாலில் சான்று கேட்டு எழுதிக் காத்திருக்கவேண்டியதுதான்.

சைக்கிள் விஷயத்தைக் கட்டுரை ஒரே வரியில் தாண்டிவிட்டது. ஊருக்குத் திரும்புகிறவர் விட்டுப்போன சைக்கிள்தான் பெரும்பாலும் அடுத்தவருக்கு வரும். அதன் சட்டத்தில் திருட்டுத் தடுப்புப் பதிவு வில்லை ஒட்டியிருக்கும். பதிவு பழைய ஆளின் பெயரில் இருக்கும். ராத்திரியில் போலீஸ்காரர் நிறுத்தி எண்ணைச் சரிபார்த்தால் பெயர் பொருந்தாது, அரைமணி விளக்கம் சொல்லவேண்டிவரும். கைமாறும்போதே ‘சைக்கிளை இவருக்குக் கொடுத்துவிட்டேன்’ என்று பழைய ஆளிடம் ஒரு சீட்டு எழுதி வாங்கி, சைக்கிளோடு கடைக்குப் போய்ப் புதுப்பதிவு செய்துவிடுவது நல்லது. அங்கே ஓடும் சாதாரணச் சைக்கிளிலும் நம் ஊர்ச் சைக்கிளின் அதே வால்டியூப்தான். அந்தச் சின்ன ரப்பர் கிழிந்தால் பஞ்சர் இல்லாமலே காற்று இறங்கும். தெரியாதவர் முழு ட்யூபையும் மாற்றிக் காசைத் தொலைப்பார். காற்றுக் குறைந்த டயரோடு நடைபாதை விளிம்பில் ஏற்றினால் ட்யூப் நசுங்கி இரண்டு ஓட்டை அருகருகே விழும். அதனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பம்ப் அடிக்கவேண்டும். வலது பேண்ட் காலை ஒரு பட்டையால் கட்டாவிட்டால் செயின் எண்ணெய் பிடித்துவிடும். குடை பிடித்து ஓட்டத் தடை. ஆகவே மேலும் கீழும் தனித்தனியான மழைக்கோட்டு வேண்டும். இருவர் பக்கவாட்டில் ஓட்டவும் தடை. ஒருவர் பின் ஒருவராகத்தான் போகவேண்டும். கம்பேனியனைப் பார்வையில் வைப்பது அப்போதுதான் உண்மையிலேயே சிரமம்: முன்னால் போகிறவர் மஞ்சள் விளக்கில் கடந்துவிட்டால் பின்னால் வருகிறவர் சிவப்பில் நிற்பார்.

வீட்டுக்குள் இரண்டு சங்கடம். ஜூன், ஜூலை மழைக்காலத்தில் படுக்கையைப் பாயோடு விரித்தபடியே விட்டுவிட்டால் அடியில் பூஞ்சணம் பிடிக்கும். தினமும் மடித்து, வெயில் கிடைத்த நாளில் வெளியே போடவேண்டும். குப்பைக்கு ஊருக்கொரு முறை: எரியக்கூடியது, பிளாஸ்டிக், கண்ணாடி, ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள், சில ஊர்களில் விலைக்கு வாங்கும் தனிப் பை. தப்பாகக் கட்டிய பையை வண்டிக்காரர் ஒரு சீட்டு ஒட்டி அங்கேயே விட்டுப்போவார். தெருவே பார்க்கும். கதவு தட்டி நல்லெண்ணம் தேடுகிறவர்களுக்கு இதைவிடக் கெட்ட விளம்பரம் இல்லை.

மொழியைப் பொறுத்தவரை என் கருத்து கொஞ்சம் கடுமை. ஜப்பானிய மொழிக்கு யூட்டாவின் ப்ரோவோ பயிற்சி மையத்தில் கிடைப்பது சுமார் ஒன்பது வாரம். முதலில் கற்பது ஜெபம் செய்யவும் தம் விசுவாசத்துக்குச் சாட்சி சொல்லவும். அதனால் ‘மனந்திரும்புதல்’ என்பதற்குச் சொல் தெரியும், தொட்டி அடைத்துக்கொண்டது என்று வீட்டுக்காரரிடம் சொல்லத் தெரியாது. வாசல் இண்டர்காமில் ‘கெக்கோ தெஸ்’ என்று குரல் வரும். அகராதியில் ‘நன்று’ என்றும் பொருள் இருப்பதால் புதியவர் மகிழ்ந்து நிற்பார். அங்கே அதன் பொருள் ‘வேண்டாம், போதும்’. கதவு திறக்காத ஊர் என்பதால்தான் கட்டணமில்லா ஆங்கில உரையாடல் வகுப்பை வாராவாரம் நடத்துகிறார்கள். வருகிறவர்களில் பலருக்கு ஆங்கிலம் மட்டுமே வேண்டும். அது இரு தரப்புக்கும் தெரியும்.

கடைசியாக, கட்டுரையோடு வந்த படம். பாட்டி ஒருவர் வீட்டில் மிஷனரி கோப்பையோடு உட்கார்ந்திருக்க, ‘பச்சைத் தேநீர் அருந்துகிறார்’ என்று குறிப்பு. காப்பியும் தேயிலையும் மதுவும் அவர்களுக்கு விலக்கு. பச்சைத் தேநீரும் அதில் அடக்கம் என்று 2019-இல் சபையின் இளையோர் இதழே தெளிவுபடுத்தியது. நீட்டிய கோப்பையை மறுத்தால் மரியாதைக் குறைவாகும் நாட்டில் இது அன்றாடத் தலைவலி. வீட்டுக்குள் நுழைந்து உட்காருமுன்பே ‘முகிச்சா இருந்தால் போதும்’ என்று சொல்லப் பழகியிருப்பார்கள். வறுத்த பார்லியைக் கொதிக்கவைத்த தண்ணீர் அது; தேயிலை ஒரு துளியும் கிடையாது. படத்தில் இருந்ததும் அதுவாகத்தான் இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பெங்களூரு