எல் பலகை இருக்கிறது, பக்கத்து இருக்கை காலி

ஆசிரியர் அவர்களுக்கு,

கொட்டகலையிலிருந்து ஹட்டனுக்குத் தினமும் பஸ்ஸில் போய்வருகிறேன். போன வாரம் மட்டும் எல் பலகை மாட்டிய மூன்று வாகனங்களில் பயிலுநர் தனியாக இருந்ததைக் கண்டேன். பக்கத்தில் அனுமதிப்பத்திரம் உள்ள ஒருவர் இருந்தே ஆகவேண்டும் என்பது சட்டம். ஹெல்மெட் போடாதவரை விரட்டிப் பிடிக்கும் பொலிஸார் இதைக் கண்டுகொள்வதில்லை.

என் மகன் ட்ரயல் (வாகனம் ஓட்டிக் காட்டும் பரீட்சை) கொடுத்த இடமோ சமதரை. ஏற்றத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை விடுவித்துப் பின்னால் உருளாமல் எடுக்கச் சொல்லவே இல்லை. ஆனால் பையன் ஓட்டப்போவது நானுஓயா இறக்கத்தில்! நியூட்ரலில் உருட்டினால் பெற்றோல் மிச்சம் என்று சொல்லிக்கொடுக்க எங்கள் தோட்ட லயத்து வீடுகளிலேயே மாமாமார் உண்டு. பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போவதை அவர்கள் சொல்வதில்லை. 2023 ஜனவரியில் நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் பஸ் மோதி 7 பேர் இறந்தார்கள். பயிலுநர் அல்லாத ஒருவர் ஓட்டியபோதே இந்த நிலை.

மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் நுவரெலியா மாவட்டத்திலாவது ஏற்ற இறக்கத்தில் ட்ரயல் வைக்கட்டும். பொலிஸார் காலை ஏழு மணிக்கு ஹட்டன் மல்லியப்பு சந்தியில் நின்று, பக்கத்து இருக்கையை எட்டிப் பார்த்தாலே பாதிப் பேர் அகப்படுவார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கொட்டகலை