பேரும் வருஷமும் போட்டுத் தைங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க.

போன ஞாயித்துக்கிழமை நம்ம பேப்பர்ல பெண்கள் பக்கத்துல கைத்தையல் பத்தி ஒரு கட்டுரை வந்துச்சு. நல்லாத்தான் இருந்துச்சு, ஆரி வொர்க் பிளவுஸுக்கு தர்மபுரியிலயும் ஓசூர்லயும் எவ்ளோ கிராக்கின்னு எழுதினதெல்லாம் சரி, ஆனா நடுவுல ஒரு வரி, பழைய காலத்து வெள்ளைக்காரங்க டிசைனை கட்டம் கட்டமா எண்ணி காப்பி எடுக்கறதுல கற்பனையும் இல்ல வருமானமும் இல்லன்னு போட்டிருந்தாங்க. வருமானம் இல்லைங்கறத ஒத்துக்கறேன், ஒரு ரூபா வரல, கையில இருந்து போகத்தான் போகுது. மத்த விஷயத்துக்குத்தான் இந்த லெட்டர்.

நான் பாலக்கோடுங்க. சாம்ப்ளர்னு சொல்ற அந்தப் பழைய தையலை லினன் துணியில மறுபடி தைக்கறதுதான் என் வேலை, அதாவது வீட்டு வேலை முடிஞ்சப்புறம். தெரியாதவங்களுக்கு சொல்றேன், இங்கிலாந்து அமெரிக்காவுலயெல்லாம் முன்ன பொம்பளப் புள்ளைங்களுக்கு எழுத்து, எண்ணு, ஊசி மூணையும் ஒரே துணியில பழக்குவாங்க. ஏ பி சி டி, ஒன்னு ரெண்டு மூணு, சுத்தி ஒரு பூக்கொடி, கீழ ஒரு வீடு, ரெண்டு பக்கமும் மரம், ஒரு மான், கடைசியில அந்தப் புள்ள பேரு, வயசு, வருஷம். அழகுக்கு மட்டும் இல்ல, பெரிய வீட்டுல வேலைக்குப் போனா அந்த வீட்டு பெட்ஷீட் தலகாணி உறை எல்லாத்துலயும் எழுத்தும் நம்பரும் தச்சு வைக்கணும், சலவைக்குப் போயி திரும்பி வந்தா எது எதுன்னு தெரியணும்ல. இப்ப அந்தத் துணிங்க மியூசியத்துல இருக்கு, அதை ஒவ்வொரு தையலா எண்ணி சார்ட் போட்டு விக்கறாங்க, நாம அதைப் பாத்து தைக்கறோம்.

லண்டன்ல விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்துல ஜேன் பாஸ்டாக்னு ஒருத்தி தச்சது இருக்கு, வருஷம் 1598. இங்கிலாந்துல வருஷம் போட்டுக் கிடைச்சதுலயே பழசு அதுதான்னு சொல்றாங்க. அதுல ஆலிஸ் லீன்னு ஒரு குழந்தை 1596 நவம்பர் 23, செவ்வாய்க்கிழமை, மத்தியானத்துக்கு மேல பொறந்துச்சுன்னு தச்சிருக்கா. தேதி, கிழமை, நேரம், நாம ஜாதகத்துக்கு குறிச்சு வைக்கற அத்தனையும் இருக்கு. அமெரிக்காவுல லோரா ஸ்டாண்டிஷ்னு ஒரு பொண்ணு தச்சது பிளைமவுத்ல இருக்கு, அந்த நாட்டுலயே பழசு, ஆனா அவ பேரைப் போட்டவ வருஷம் போடல, அதனால இன்னிக்கும் 1650 வாக்குலன்னு தோராயமாத்தான் சொல்றாங்க.

காப்பி எடுக்கறது சும்மா இல்லைங்க. முதல்ல துணி. சட்டைக்கு விக்கற லினன் இதுக்கு ஒத்து வராது. பாவும் ஊடையும், அதாவது நீளவாக்கு இழையும் குறுக்குவாக்கு இழையும், சரிசமமா இருக்கணும், இஞ்ச்சுக்கு 32 இழைன்னா ரெண்டு பக்கமும் 32 இருக்கணும், ரெண்டு இழைக்கு பெருக்கல் குறி மாதிரி ஒரு தையல், அப்ப இஞ்ச்சுக்கு 16 விழும். பாவு 36, ஊடை 30ன்னு இருக்கற துணியில 180க்கு 180 தையல் வர்ற சதுரத்தை தச்சுப் பாருங்க, ஒரு பக்கம் 10 இஞ்ச், இன்னொரு பக்கம் 12 இஞ்ச், மான் ஒட்டகச்சிவிங்கி ஆயிடும். கடையில போய் துணி மேல ஸ்கேல் வச்சு ஊசி முனையால இழை எண்ணிகிட்டு நின்னா கடைக்கார அண்ணன் பாக்கற பார்வை இருக்கே, மீட்டர் எவ்ளோன்னு கேக்காம இழை எவ்ளோன்னு கேக்கற ஒரே கஸ்டமர் நீங்கதாங்கன்னு சொல்லிட்டாரு. ஆளி விதை இன்னிக்கு எல்லா நாட்டு மருந்துக் கடையிலயும் கிடைக்குது, அதே ஜாதி செடியோட தண்டு நார்தான் லினன், அது மட்டும் எங்கிருந்தோ வரணும். நூலும் அப்படித்தான், பழைய சாம்ப்ளர்ல நிறைய பட்டு நூல், பட்டுக்கூடு ஏலம் போற தர்மபுரியில இருந்துகிட்டு நான் எம்ப்ராய்டரி பட்டு நூலுக்கு ஆன்லைன்ல வெளிநாட்டு ஆர்டர் போடணும், தபால் செலவு நூலை விட அதிகம். அதனால ஆங்கர் காட்டன் நூல்லயே ஓட்டறேன், 6 இழையில ரெண்டைப் பிரிச்சு.

அப்புறம் அந்தப் புள்ளைங்க விட்ட தப்பு. நிறைய பழைய துணியில ஜே, யு ரெண்டு எழுத்துமே இருக்காது, அந்தக் காலத்துல ஐயும் வியும் அந்த வேலையையும் சேத்துப் பாத்துச்சு, அது தப்பு இல்ல. ஆனா வரி முடியற இடத்துல எடம் பத்தாம கடைசி எழுத்தை மேல தூக்கி குட்டியா தச்சிருப்பாங்க, இடது பக்கத்து மரத்துக்கு கிளை ஒன்னு கூட இருக்கும், கொடி மூலையில வந்து முட்டாம ஒரு இழை தள்ளிப் போயிருக்கும். நல்ல சார்ட்டுல இதையெல்லாம் திருத்தாம அப்படியே குடுப்பாங்க, தைக்கறவங்க திருத்தலாமா கூடாதான்னு பெரிய சண்டையே நடக்குது, என் கட்சி திருத்தக் கூடாது. எட்டு வயசோ பத்து வயசோ ஒரு புள்ள, கணக்கு தப்புனது தெரிஞ்சும் பிரிக்க மனசில்லாம இதோட சமாளிச்சுக்கலாம்னு முடிவு பண்ண எடம் அது. அதே எடத்துல நம்ம ஊசியும் திரும்பும்போது அவ என்ன நெனச்சிருப்பான்னு புரியுது. இதுல கற்பனை இல்லைன்னா எப்படிங்க?

அதே லண்டன் மியூசியத்துல எலிசபெத் பார்க்கர்னு ஒரு வேலைக்காரப் பொண்ணு 1830 வாக்குல தச்ச துணி ஒன்னு இருக்கு, பூ இல்ல கொடி இல்ல, மேல இருந்து கீழ வரைக்கும் வெறும் எழுத்து, செவப்பு பட்டு நூல்ல. வேலைக்குப் போன வீட்டுல பட்ட கொடுமை, சாகப் போனது, எல்லாத்தையும் பெருக்கல் தையல்ல எழுதிகிட்டே வந்து பாதி வாக்கியத்துல நிறுத்திட்டா. அவளை எல்லாம் யாரு ஞாபகம் வச்சிருக்கப் போறாங்க, அந்தத் துணி இருக்கறதால இருக்கா.

இப்ப நம்ம ஊருக்கு வரேன். தர்மபுரி அரசு மியூசியத்துல நடுகல்லு வச்சிருக்காங்க, மாடு மீட்கப் போயி செத்த வீரனுக்கு ஆயிரம் வருஷத்துக்கு மேல ஆன கல்லு, அதுல பேரு இருக்கு, எந்த ராஜா ஆட்சியில எத்தனாவது வருஷம்னு இருக்கு. நம்ம பொம்பளைங்க கைவேலையில அப்படி ஏதாவது இருக்கா? அரூர் பக்கம் சிட்லிங்கியில லம்பாடி அக்காங்க போடற தையல் எவ்ளோ நுணுக்கம், போய் பாத்தவங்களுக்குத் தெரியும், நீலகிரியில தோடர் பொம்பளைங்க டிசைன் எதுவும் வரையாம துணி இழையை எண்ணியே கருப்பு செவப்புல தைக்கறாங்க, 2013ல புவிசார் குறியீடும் கிடைச்சுது. குறியீடு ஊருக்கும் இனத்துக்கும் கிடைக்குது, நல்லதுதான், ஆனா இந்தப் போர்வையை தச்சவ யாருன்னு கேட்டா அந்த வீட்டுலயே ரெண்டு தலைமுறை தாண்டினா தெரியல.

அவ்ளோ தூரம் எதுக்கு, நம்ம அம்மாங்க பள்ளிக்கூடத்துல தையல் கிளாஸ்ல மேட்டின்னு சொல்ற கட்டம் கட்டமான துணியில போட்ட ரோஜாப்பூவும் கிளியும் எத்தனை வீட்டு டிரங்குப் பெட்டியில கெடக்குது. எங்க அம்மா போட்டது ஒன்னு இருக்கு, காவேரிப்பட்டினத்துல படிச்சப்ப, ஓரத்துல வெல்கம்னு இங்கிலீஷ்ல, கிளியோட மூக்கு மட்டும் பச்சை, செவப்பு நூல் தீந்துபோச்சாம். அதுல அம்மா பேரும் இல்ல வருஷமும் இல்ல. எங்க பெரியம்மா அது நான் போட்டதுடின்னு இன்னிக்கும் சண்டைக்கு வரும்.

அதனால ரெண்டு விஷயம் கேட்டுக்கறேன். மியூசியக்காரங்க ஒரே ஒரு கண்ணாடிப் பெட்டி ஒதுக்கி நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு ஜில்லா வீடுகள்ல இருந்து இந்த மாதிரி துணிங்களை பேரு ஊரோட வாங்கி வைக்கட்டும். நீங்களும் அடுத்த தடவை கைவேலை போட்டோ போட்டா தச்சவங்க பேரைக் கேட்டு அடியில போடுங்க, போன வாரம் போட்ட எல்லா போட்டோவுலயும் கடை பேருதான் இருந்துச்சு.

வீட்டுல பழைய மேட்டி துணி இருக்கற வாசகிகளுக்கு ஒன்னு சொல்லிக்கறேன். எடுத்த உடனே சோப்புத்தூள்ல ஊற வச்சுடாதீங்க, அந்தக் காலத்து செவப்பு நூல் சாயம் விட்டா மொத்தமும் போச்சு. அதே மடிப்புல வைக்காம வெள்ளை பருத்தித் துணியோட சேத்து சுருட்டி வைங்க, பிளாஸ்டிக் கவர் வேண்டாம். ஒரு சின்ன நாடாவுல அம்மா பேரு, ஊரு, தோராயமா வருஷம் எழுதி ஓரத்துல ரெண்டு தையல் போட்டு விடுங்க, கேக்கறதுக்கு ஆள் இருக்கும்போதே.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாலக்கோடு, தர்மபுரி மாவட்டம்.