ஒரு நாளைக்கு ஒரு கதை போதும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிள்ளைகளோடு மதுரையைச் சுற்றிப் பார்ப்பது எப்படி என்று சென்ற வார இணைப்பிதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை ஆசையோடு. இரண்டாம் முறை கையில் பென்சிலோடு. இரண்டு நாளில் 14 இடங்கள். மீனாட்சியம்மன் கோயிலுக்கு ஒதுக்கிய நேரம் காலை 11 மணி. அழகர்கோயிலும் திருப்பரங்குன்றமும் ஒரே பிற்பகலில்! ஒன்று நகருக்கு வடக்கே 20 கிலோமீட்டர், மற்றொன்று தென்மேற்கே 8 கிலோமீட்டர். எழுதியவருக்குப் பிள்ளைகள் இருந்தால், அவர்களைப் பாட்டி வீட்டில் விட்டுவிட்டுத்தான் சுற்றியிருப்பார்.

நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. ஆவணி மூல வீதிக்கும் மாசி வீதிக்கும் இடையில் ஒரு சந்தில் எங்கள் வீடு. கோயிலுக்கு இவ்வளவு பக்கத்தில் வீடு இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மே மாதம் பிறந்தால் நாத்தனார் குடும்பம் கோவையிலிருந்து வரும், தம்பி குடும்பம் பெங்களூரிலிருந்து வரும், தூரத்து உறவில் யாரோ ஒருவர் பிள்ளைகள் நான்கு பேரோடு வந்து நிற்பார். நாற்பது ஆண்டுகளாக இந்த வீட்டில் பாய் விரித்துப் பழகியவள் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

ஆரம்பத்தில் நானும் அந்தக் கட்டுரையாளர் மாதிரிதான் இருந்தேன். தம்பி மகனுக்கு அப்போது ஐந்து வயது. காலையில் இட்லி, பொங்கல், காபி என்று உபசாரமெல்லாம் முடித்துவிட்டுப் பதினொன்றரைக்கு மேல் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். மதியம் 12.30 மணிவாக்கில் நடை சாத்துவார்கள் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் பார்த்துவிடலாம் என்று ஒரு நம்பிக்கை. செருப்பை விட்டுவிட்டு வெயிலில் கிடந்த கல்லில் பிள்ளை கால் வைத்ததும் வீறிட்டான். அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடிவந்ததுதான் அன்றைய தரிசனம். இன்று அவனுக்கே இரண்டு பிள்ளைகள். "அத்தை, மதுரை என்றாலே எனக்கு உள்ளங்கால்தான் ஞாபகம் வருகிறது" என்கிறான். தப்பு கோயிலின் மேல் இல்லை, கல்லின் மேலும் இல்லை. நேரம் பார்க்காமல் கூட்டிப்போன அத்தையின் மேல்தான்.

மதுரை மதியத்தில் கண் மூடும் ஊர். நடை சாத்திய கோயில் மறுபடி திறக்க மாலை 4 மணி ஆகிவிடும். இடைப்பட்ட நேரத்தில் பெரியவர்கள் எங்காவது நிழலில் உட்கார்ந்துவிடலாம். பிள்ளைகள் உட்கார மாட்டார்கள். ஆகவே காலையில் ஒரு பொழுது, மாலையில் ஒரு பொழுது, நடுவில் சோறும் தூக்கமும் என்று நாளை வகுத்துக்கொண்டால் பாதிச் சண்டை குறையும்.

இன்னொன்று, பிள்ளைகளுக்கு இடங்களைக் காட்டிப் பயனில்லை. கதையைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். எங்கள் வீட்டுக்கு வரும் பிள்ளைகளை முதல் நாள் நான் கூட்டிப்போகும் வழி ஒன்று உண்டு. விடிந்ததும் கோயில். கல் குளிர்ந்திருக்கும், கூட்டமும் அவ்வளவாக இருக்காது. அம்மன் சன்னதியிலிருந்து சுவாமி சன்னதிக்குப் போகும் வழியில் ஆளுயரத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கிறாரே முக்குறுணிப் பிள்ளையார், அங்கேதான் முதலில் நிறுத்துவேன். மூன்று குறுணி, அதாவது 18 படி அரிசியில் இவருக்கு ஒரு கொழுக்கட்டை செய்து விநாயகர் சதுர்த்திக்குப் படைப்பார்கள் என்று சொன்னால் போதும். எந்தப் பிள்ளையும் அசையாது. "அதை எப்படி வேக வைப்பார்கள்?" என்பது வழக்கமாக வரும் கேள்வி. "இந்தப் பிள்ளையார் எங்கிருந்து வந்தார்?" என்பது நான் கேட்கும் கேள்வி. விடையை அங்கே சொல்ல மாட்டேன்.

காலை உணவு முடிந்ததும், வெயில் ஏறுவதற்குள் திருமலை நாயக்கர் மகால். 1636இல் கட்டிய அரண்மனையில் கால் பங்குதான் இப்போது மிஞ்சியிருக்கிறது என்பதைத் தூண்களைக் கட்டிப்பிடிக்க முயன்று தோற்ற பிறகு சொன்னால் வாயைப் பிளப்பார்கள். இவ்வளவு பெரிய கட்டடத்துக்குச் செங்கல் அறுக்க மண் எங்கே எடுத்திருப்பார்கள்? இது இரண்டாவது கேள்வி. இதற்கும் விடை கிடையாது. வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் படுக்க வேண்டும்.

மாலை ஐந்து மணிக்கு மேல் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். படிக்கட்டில் காற்று வரும். அங்கே உட்கார்ந்துதான் இரண்டு கேள்விகளுக்கும் விடை. மகாலுக்குச் செங்கல் அறுக்க இங்கிருந்துதான் மண் எடுத்தார்கள் என்றும், அந்தப் பள்ளத்தைத்தான் 1645இல் திருமலை நாயக்கர் தெப்பக்குளமாக்கினார் என்றும், தோண்டும்போதுதான் முக்குறுணிப் பிள்ளையார் கிடைத்தார் என்றும் ஊரில் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். காலையில் பார்த்த பிள்ளையார், பிறகு பார்த்த அரண்மனை, இப்போது பார்க்கும் குளம் மூன்றும் ஒரே பள்ளத்திலிருந்து வந்தவை என்று புரியும்போது பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும். கணக்கில் கெட்டியான ஒரு பேரன் மட்டும், "அப்படியானால் ஒன்பது வருடம் பள்ளத்தை அப்படியே போட்டு வைத்திருந்தார்களா?" என்று கேட்டான். ஆசிரியையாகப் பெருமையாக இருந்தது. பாட்டியாகப் பதில் இல்லை.

கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாத, ஆனால் கட்டாயம் இருந்திருக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 2018இல் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீ விபத்து நடந்த பிறகு, பக்தர்கள் கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. இதில் நல்லதும் இருக்கிறது: பெரியவர்கள் படம் எடுப்பதை விட்டுவிட்டுச் சிற்பத்தைப் பார்க்கிறார்கள். ஆனால் கூட்டத்தில் பிள்ளை கைவிட்டுப் போனால் யாரையும் அழைக்க முடியாது. இந்தக் காலத்துப் பெற்றோருக்கு இது உள்ளே போன பிறகுதான் உறைக்கிறது. நான் செய்வது இதுதான்: பிள்ளையின் சட்டைப் பையில் ஒரு சீட்டு. அதில் அப்பா, அம்மாவின் செல்போன் எண் கூடாது. அது வெளியே டோக்கன் போட்டு வைத்த பெட்டியில் அல்லவா அடித்துக்கொண்டிருக்கும்? வீட்டில் இருக்கும் ஒருவரின் எண், அல்லது தங்கியிருக்கும் விடுதியின் எண் எழுத வேண்டும். பிறகு, காணாமல் போனால் சேரும் இடம் ஒன்றை உள்ளே நுழைந்ததுமே காட்டிவிட வேண்டும். பொற்றாமரைக் குளத்துப் படி என்று சிலர் சொல்வார்கள். நான்கு பக்கமும் படி இருக்கும் இடத்தில் எந்தப் பக்கம் என்று பிள்ளை தேடும்? மேலும் அது நீர்நிலை. எங்கள் வீட்டில் முக்குறுணிப் பிள்ளையார்தான் சேரும் இடம். எந்தப் பிள்ளை யாரிடம் கேட்டாலும் வழி சொல்லிவிடுவார்கள்.

கீழடியைப் பற்றிக் கட்டுரையாளர் எழுதியதுதான் எனக்கு உண்மையிலேயே கோபம் மூட்டியது. வரலாற்றில் ஆர்வமுள்ள பெரியவர்கள் போகலாம், சிறுவர்களுக்குச் சலிப்புத் தட்டும் என்கிறார். மதுரையிலிருந்து 12 கிலோமீட்டர்தான். 2023இல் திறந்த அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது. கி.மு. 6ஆம் நூற்றாண்டு வரை போகிற அந்த ஊரில் கிடைத்தவற்றில் பகடைக்காய் இருக்கிறது, பானை ஓட்டைத் தேய்த்துச் செய்த வட்டச் சில்லு இருக்கிறது. என் பேத்தி அதைப் பார்த்ததும், "பாட்டி, இது நாம் பாண்டி ஆடும் சில்லு!" என்று கூவினாள். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பானை ஓடுகளில் ஆதன், குவிரன் என்று பெயர் கீறி வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் உடைந்த தொட்டி ஓட்டில் எல்லாரும் தங்கள் பெயரை ஆணியால் கீறினார்கள். அந்த ஓடுகள் இன்னும் எங்கள் துளசி மாடத்தில் இருக்கின்றன. சலிப்பாம்!

மதிய வெயிலுக்கு இன்னொரு வழி, புது நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம். சிறுவர் பிரிவில் விட்டால் அழைத்து வருவதுதான் கஷ்டம். அழகர்கோயில் போவதானால் அரை நாள் முழுதாக வேண்டும். குரங்குகள் பிள்ளைகளின் கையில் இருப்பதைப் பிடுங்கும் என்று முன்பே சொல்லி வையுங்கள். சித்திரைத் திருவிழாவில், அதுவும் அழகர் ஆற்றில் இறங்கும் நாளில், கைக்குழந்தையோடு வர நினைப்பவர்கள் உள்ளூரில் சொந்த வீடு இருந்தால் மட்டும் வாருங்கள். ஜிகர்தண்டா குடிக்காமல் அனுப்ப மாட்டேன். ஆனால் நான்கு பிள்ளைகளுக்கு முதலில் இரண்டு மட்டும் வாங்குங்கள். பாலும் கடற்பாசியும் பாதாம் பிசினும் ஐஸ்கிரீமுமாக அது ஒரு சாப்பாடு; மிச்சத்தைக் குடிப்பது எப்போதும் அப்பாவாகத்தான் இருக்கும்.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். இனி இப்படிக் கட்டுரை வெளியிடும்போது ஒவ்வொரு இடத்தின் திறப்பு நேரம், அடைப்பு நேரம், வார விடுமுறை ஆகியவற்றைக் கேட்டுச் சரிபார்த்து, கீழே ஒரு சின்னக் கட்டத்தில் போடுங்கள். கழிப்பறையும் குடிநீரும் எங்கே என்று எழுதுங்கள். சிற்பத்தின் அழகை வருணிக்க அரைப் பக்கம் கொடுக்கிறீர்கள். மூன்று வயதுப் பிள்ளை "அம்மா, அவசரம்" என்று புடவையை இழுக்கும்போது அந்த அரைப் பக்கம் உதவாது. எழுதியவர் பெரும்பாலும் ஆண்தான் என்று எனக்குப் பட்டதற்குக் காரணமும் இதுவே. தப்பானால் மன்னிக்கவும்.

இந்த மே மாதம் தம்பி மகன் தன் இரண்டு பிள்ளைகளோடு வருகிறான். மூத்தவளிடம் கொழுக்கட்டைக் கதையைப் போனில் சொல்லிவிட்டேன். தெப்பக்குளத்தில் இப்போது தண்ணீர் இருக்கிறதா என்று கேட்கிறாள். நாளைக் காலை போய்ப் பார்த்துச் சொல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மதுரை.